திரும்பி வராத பதினொரு முகங்கள்

ஜூன் 22

நாத்தனாருக்கு,

நேற்று போனை நீ பாதியில் வைத்தாயா, நான் வைத்தேனா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெச்சீங்க" என்றார். மற்ற நேரத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காத காது, இதற்கு மட்டும் நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

தும்பியைக் கல்லூரியில் சேர்த்து உன் வீட்டில் விட்டு முழுதாக மூன்று வாரம் ஆகவில்லை. அதற்குள் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாய். பெற்றவள் ஒருத்தி இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுவும் பார்லர் நடத்துகிற பெற்றவள். என் பெண்ணின் முகம்தான் என் கடைக்குப் போர்டு. அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு நீ இன்னொருத்தியிடம் போய் நின்றிருக்கிறாய்.

அவளுக்குப் பதினைந்து வயதில் முதல் பரு வந்தது. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மதியம் கடையில் ஆள் குறைந்ததும் அவளை நாற்காலியில் சாய்த்து நானே ஃபேஷியல் செய்திருக்கிறேன். ஆவி காட்டி, கரும்புள்ளி எடுத்து, பழுத்ததைப் பிதுக்கித் துடைத்து, மசாஜ் செய்து, ஃபேஸ் பேக் போட்டு, முழுதாக ஒரு மணி நேரம். அன்றைக்கு முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். நாலு நாளில் மறுபடி கிளம்பும். அது வயசுக்கோளாறு. வயசுக்கு உன் டாக்டர் என்ன மருந்து எழுதினார்?

பன்னிரண்டு வருடத்தில் பருவுக்காக எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். சில மாதம் வருவார்கள், சரியானதும் நின்றுவிடுவார்கள். சரியாகாமலா நின்றார்கள்?

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. கோபம் இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மா என்னதான் சொன்னார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்காமல் கூட்டிப் போனது தப்புதான். போனை வைத்ததும் தப்பு. ஆனால் நான் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் மருந்துக்கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது தும்பியை நூலக வாசலில் பார்த்தேன். வகுப்பு நடக்கிற நேரம். இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளாகக் கல்லூரிக்கே போகவில்லையாம். அங்கே ஒருத்தி, "உங்கம்மா பார்லர்னு சொன்னே?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான் கேட்டாள். இவள் எழுந்து வந்துவிட்டாள். தலையணை பட்டால் வலிக்கிறது என்று மல்லாந்தே தூங்குகிறாள் அண்ணி. "அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை, அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள். அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பரு மேல ஒட்டியிருக்கிற அழுக்கு இல்லம்மா. உள்ள எண்ணெய் வர்ற துவாரம் அடைச்சு, அடியிலேயே வீங்குது. மேல தேய்ச்சா அதுவரைக்கும் போகாது. பழுத்ததைப் பிதுக்கினா பாதி வெளிய வரும், மீதி உள்ளயே உடைஞ்சு பக்கத்துல பரவும். குழி விழறது அங்கதான்." படுக்கப் போகும்முன் மெலிதாகத் தடவ ஒரு ஜெல் எழுதினார். இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை ஆவி, ஸ்க்ரப், ஃபேஷியல் எதுவும் கூடாது.

வேறு ஒன்றும் கேட்டார். அதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நின்றுபோனவர்கள் எல்லாரும் சரியாகித்தான் நின்றார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 10

நாத்தனாருக்கு,

நல்ல கேள்வி கேட்டாய். பல்லிடுக்கில் நார் மாட்டின மாதிரி பத்து நாளாக அது என்னை விடவில்லை. ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டே அதை நினைத்து, கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டேன். அவள் இன்னும் கண்ணாடி பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியில் அப்பாயின்ட்மென்ட் நோட்டுகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன், நாலு வருடத்து நோட்டுகள். பருவுக்கென்றே தொடர்ந்து வந்து, திடீரென்று நின்றவர்கள் பதினொரு பேர். உன் அண்ணன், "எதுக்கு இந்த வேலை?" என்றார். உங்கள் தங்கையின் மூக்கை உடைக்கத்தான் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் ஜெராக்ஸ் கடைப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். முகம் பளிச்சென்று இருந்தது. எனக்குள் ஒரு துள்ளல். "பாத்தியா, எப்படி ஆயிடுச்சு உன் முகம்" என்றேன். அவள் கொஞ்சம் நெளிந்து, "நான் டாக்டர்கிட்ட போனேன்க்கா" என்றாள். அடுத்தது விளையாட்டு டீச்சர். அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு தானாகவே அடங்கிவிட்டதாம். அதில் உன் டாக்டருக்கும் பங்கில்லை, எனக்கும் பங்கில்லை. மூன்றாவது, தையல்காரப் பெண். அவளை மார்க்கெட்டில் எதிரே பார்த்தேன். என்னைக் கண்டதும் சட்டென்று சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இவ்வளவையும் நேர்மையாக எழுதிவிட்டு இப்போது கேட்கிறேன். நேற்று தும்பி அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். இங்கிருந்து போனபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு. நெற்றி, தாடை எல்லாம் சிவந்து கிடக்கிறது. இதுதான் வைத்தியமா? என் கையில் இருந்தவரை நாலு நாளாவது நன்றாக இருந்தது. அவளைச் சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூலை 16

அண்ணிக்கு,

அவளை அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதைப் படித்த பிறகு நீங்கள் என்னோடு பேசாமல் போனாலும் அது நியாயம்தான்.

டாக்டர் கேட்ட இன்னொன்று இதுதான்: "மசாஜுக்கு அப்புறம் அம்மா என்ன க்ரீம் போடுவாங்க?" தும்பி, "வெள்ளை டப்பா. அம்மா ட்யூப்ல இருந்து பிதுக்கி அதுல கலந்து வெப்பாங்க. பேரு தெரியாது, மஞ்சள் கோடு போட்ட ட்யூப். நடுவுல வீட்டுலயும் அதைத்தான் பூசிக்குவேன்" என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன்.

எனக்குத் தெரியும். அந்த ட்யூப்பை உங்களுக்குக் கொடுத்ததே நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், உங்கள் கடைக்குச் சரியாக ஆள் வராத சமயத்தில், நான் அப்போது வேலை பார்த்த மருந்துக்கடையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தேன். "இது முகத்துக்கு ஆகுமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "எல்லா பார்லர்காரங்களும் வாங்கறாங்க அண்ணி" என்றேன். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. அதில் இருப்பது ஸ்டீராய்டு. வேறு தோல் நோய்க்குக் கொஞ்ச நாள் மட்டும் போடுகிற மருந்து. முகத்தில் போட்டால் வீக்கம் சட்டென்று அடங்கி முகம் பளபளக்கும். நீங்கள் சொன்ன நாலு நாள் கண்ணாடி அதுதான். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, பருவை அதுவே கிளப்பும். நிறுத்தினால் சில வாரம் முகம் கொந்தளித்துவிட்டுத்தான் அடங்கும். போட்டோவில் நீங்கள் பார்த்தது ஜெல் செய்த வேலை அல்ல, க்ரீமை நிறுத்தியதால் வந்தது.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மருந்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆனால் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாப் பழியும் உங்கள் ஃபேஷியல்மேல் விழும்படி விட்டேன். பேனா கையில் இருந்தும் அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை.

நாத்தனார்


ஆகஸ்ட் 4

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது. மேலே என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் எதுவும் போடவில்லை.

அது வந்த அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். அலமாரியில் ஏழு ட்யூப் இருந்தது. நீ ஊர் மாறிப் போன பிறகு வேறு கடையில் வாங்கினேன். எந்தக் கடையிலும் யாரும் எதுவும் கேட்டதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை எப்போதும் பிரிக்காமலே குப்பையில் போடுவேன். உன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதன்முறையாக அதைப் படித்தேன். முகத்தில் பூசக்கூடாது என்று மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. ஆறு வருடமாக அந்த வரி என் கடைக்குள்ளேயே இருந்திருக்கிறது. உன்மேல் வந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் வந்து தடுமாறி நின்றுவிட்டது. நீ சொல்லவில்லை என்றால், நானும் படிக்கவில்லை.

நானும் அதைத் தினமும் பூசுகிறவள்தான். நீ சொன்னது நிஜமா என்று என் முகத்திலேயே பார்த்துவிடலாம் என்று அன்றே நிறுத்தினேன். தினமும் காலை கடை திறந்ததும் பெரிய விளக்கைப் போட்டுப் பார்த்துக் குறித்து வைத்தேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் கன்னம் காந்தியது. ஆறாம் நாள் உன் அண்ணன், "வெயில்ல எங்கேயாவது போனியா?" என்றார். எட்டாம் நாள், நாற்பத்தாறு வயதில், எனக்குத் தாடையில் வரிசையாகப் பரு. மூக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்பு தெரிவது ஏதோ வயதால் என்று நினைத்திருந்தேன். அதுவும் இதன் வேலைதானா என்று உன் டாக்டரிடம் கேட்டு எழுது.

இந்த முகத்தோடுதான் தையல்காரப் பெண் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்தவள், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அவளுக்கு இரண்டு கன்னத்திலும் குழிகள்.

"ஏன் அன்னிக்கு ரோட்டைத் தாண்டிப் போனே?" என்று கேட்டேன்.

"எம் முகத்தைப் பாத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான்க்கா. நீங்க அவ்வளவு பாடுபட்டீங்க, இது கேக்கலையேன்னு."

நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்து ஓடினாள் என்றல்லவா நினைத்தேன். எனக்காக ஓடியிருக்கிறாள். அவளிடம் க்ரீம் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த துணியை மெதுவாக மடித்து வைத்தாள். "வீட்டுக்குன்னு வாங்கிட்டு வந்த டப்பா இன்னும் பாதி இருக்கு" என்று எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள்.


ஆகஸ்ட் 13

அன்புள்ள அண்ணிக்கு,

பெயரில்லாமல் வந்தாலும் கடிதம் வந்ததே என்று இருந்தது.

சிவப்பு நரம்புக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம் என்கிறார் டாக்டர். முழுதாகப் போகாமலும் இருக்கலாமாம். நீங்கள் நேரில் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லச் சொன்னார். சோதனை செய்ய உங்கள் முகம்தானா கிடைத்தது என்று நானும் கேட்கிறேன்.

என் கடையில் முதலாளியிடம் பேசிவிட்டேன். சீட்டு இல்லாமல் அந்த ட்யூப்பைக் கொடுக்க மாட்டேன், வேண்டுமானால் என்னை வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் இப்போது அது உள் அலமாரியில் பூட்டி இருக்கிறது. தினமும் இரண்டு பேராவது, "போன மாசம் கொடுத்தீங்களே" என்று சண்டைக்கு வருகிறார்கள். போன மாதம் கொடுத்ததும் நான்தான்.

உங்கள் கடிதத்தை டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பதினொரு பேர் பகுதியை மட்டும்தான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "எங்கிட்டயும் பாதி பேர் ரெண்டாந்தடவை வர்றதில்லை. குணமாயிட்டாங்கன்னுதான் நானும் நினைச்சுக்கறேன். ஒருத்தரைக்கூட நான் தேடிப் போனதில்லை" என்றார். அந்தப் பதினொரு பேரில் யாராவது டாக்டரிடம் போய், பாதியில் நின்றிருந்தால் ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுத முடியுமா என்று கேட்கிறார். உங்களிடம் கேட்கச் சொல்லித் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தும்பிக்கு நடுவில் ஒரு வாரம் தோல் உரிந்தது. ஜெல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். நான் எடுத்துக் கழுவி வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே எடுத்துத் தடவிக்கொண்டாள். கல்லூரிக்குப் போகிறாள். கன்னத்தில் கை வைக்காமல் சாப்பிடுகிறாள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 18

தங்கச்சிக்கு,

உன் டாக்டரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பதினொரு பேரில் பத்துப் பேரைப் பார்த்துவிட்டேன். ஒருத்தி குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டாள், போன் நம்பரும் மாறிவிட்டது. என்னால் சரியானவர்கள் என்று சொல்ல ஒருத்தியும் இல்லை. டாக்டரிடம் போனவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் முழுதாக மருந்து போட்டுச் சரியானவர்கள், ஜெராக்ஸ் கடைப் பெண் அதில் ஒருத்தி. மற்ற நாலு பேர் பாதியில் விட்டவர்கள். ஏன் என்று கேட்டேன். பஸ் டிக்கெட் கொடுக்கும் பெண் சொன்னாள்: "போட்டதும் முகம் காஞ்சு உரிஞ்சுது. இது நமக்கு ஒத்துக்கலைன்னு விட்டுட்டேன். ரெண்டு மாசம் ஆகும்னு யாரும் சொல்லலியே." இன்னொருத்தி, "டாக்டர் எம் முகத்தைப் பாக்கவே இல்லக்கா, சீட்டைத்தான் பாத்தாங்க" என்றாள். இதையும் உன் டாக்டருக்குப் படித்துக் காட்டு. நான் மட்டும் ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

க்ரீம் விஷயத்தை எல்லாரிடமும் சொன்னேன். இப்போது வருகிற பழைய வாடிக்கையாளர்களிடமும் சொல்கிறேன். ஒருத்தியின் அம்மா வாசலிலேயே நிற்க வைத்து, வாய்க்கு வந்தபடி பேசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது பார்த்தால், உன் அண்ணன் தெருமுனையில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை. "இந்தப் பக்கம் வேலையா வந்தேன்" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது.

கடையில் பழுத்த பருவோடு யார் வந்தாலும் இப்போது ஃபேஷியல் செய்வதில்லை. முதல் நாளே ஒரு பேங்க் பெண்ணிடம் மாட்டிக்கொண்டேன். "நாளன்னிக்கு எனக்கு போட்டோ எடுக்கணும், நீங்க பண்ணலைன்னா எதிர் பார்லர்ல பண்ணுவாங்க" என்றாள். பண்ணுவார்கள்தான். முடியை மட்டும் அழகாகச் செய்து தருகிறேன், முகத்துக்கு டாக்டரைப் பார் என்றேன். விருட்டென்று எழுந்து எதிர் பார்லருக்கே போனாள். நாற்காலி காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

புருவம், முடி, கை கால் வேலை எல்லாம் நடக்கிறது. மசாஜுக்கு வருகிறவர்களுக்கு, பரு இல்லாத முகமானால் செய்கிறேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை உன் டாக்டரும் மறுக்க மாட்டார்.

அடுத்த மாதம் வருகிறேன். என் முகத்தையும் காட்ட வேண்டும். போட்டோ அனுப்ப வேண்டாம் என்று தும்பியிடம் சொல். நேரில் பார்க்கிறேன்.

அண்ணி


அக்டோபர் 23

தங்கச்சிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ வேலைக்குப் போன பிறகு நடந்ததைப் போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். சரியாக வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

டாக்டர் என்னை முதலில் பார்த்தார். பிறகு தும்பியை விளக்குக்குக் கீழே உட்கார வைத்தார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். இல்லாவிட்டால் அவை தாமாகவே அவள் முகத்துக்குப் போயிருக்கும். முகம் அடங்கியிருந்தது. தாடையில் இரண்டு பொடிப் பரு, அவ்வளவுதான். ஆனால் இடது கன்னத்தில் மூன்று குழி. "இது கொஞ்சம் லேசாகும், முழுசாப் போகும்னு சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர்.

"அது நான் பிதுக்கின இடம்" என்றேன். ஒவ்வொன்றும் எந்த மாதம் என்றுகூட எனக்குத் தெரியும்.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, என் பத்துப் பேர் பற்றிக் கேட்டார். இப்போதெல்லாம் சீட்டு எழுதும் முன்னால், உரியும், இரண்டு மாதம் ஆகும், பயந்து விட்டுவிடாதே என்று சொல்லித்தான் அனுப்புகிறாராம். அந்தப் பஸ் டிக்கெட் பெண்ணை அனுப்பி வையுங்கள் என்றார். அவளே வருவதாக இருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்குத் தும்பியும் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். குழியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஃபேஷியல் பண்ணினா அதிகமாகுதுன்னு எனக்கு முதல் வருஷமே தெரியும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி சொல்லலை? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

"விட்டிருப்பே. அதனாலதான் சொல்லலை." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "வீட்டுக்கு வந்தா நீ அடுப்பு, துணி, போனுன்னு நின்னுட்டே இருப்பே. அந்த ஒரு மணி நேரம்தான் நீ ஒரு இடத்துல இருந்து எங்கிட்ட பேசுவே."

நான் பத்து வீட்டுக் கதவைத் தட்டி ஏன் நின்றாய், ஏன் நின்றாய் என்று கேட்டேன். நிற்காமல் வந்துகொண்டிருந்தவளிடம் ஏன் வருகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பஸ் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. "சரி, பேசு" என்றேன்.

முதலில் இரண்டு பேருக்குமே வரவில்லை. கையில் வேலை இல்லாமல் அவளோடு உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. என் கை பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவள் தன் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பற்றி ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வராதாம், ஆனால் வாத்தியார் நடப்பதை அச்சு அசலாக நடந்து காட்டுவாளாம். தும்பி எழுந்து அதை எனக்கு நடந்து காட்டினாள், பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் பார்க்க, முகத்தை மூடாமல்.

இரண்டாவது பஸ்ஸும் போய்விட்டது. மூன்றாவதில்தான் ஏறினேன்.

அண்ணி